லிமோன் வேறே, லீமா வேறே!

"அடுக்களை அகராதி" என்று இந்தப் பகுதிக்குப் பெயர் வைத்தாலும் வைத்தோம், வாசகிகள் எந்த அகராதியிலும் அகப்படாத சந்தேகங்களாகக் கேட்டு எழுதுகிறார்கள். வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் மகளுக்கும் மருமகளுக்கும் பக்குவம் எழுதி அனுப்புகிற தாய்மார்கள் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம எலுமிச்சம்பழத்துக்கு அந்த ஊர்லே என்ன பேரு?"

கேள்வி சின்னதுதான். ஆனால் ஸ்பானிஷ் பாஷை பேசுகிற ஊராக இருந்துவிட்டால் பதில் அத்தனை சின்னதில்லை. ஸ்பெயின், மெக்ஸிகோ, பெரு, அர்ஜென்டினா, போர்ட்டோ ரிக்கோ என்று இத்தனை தேசங்களில் அந்தப் பாஷை பேசுகிறார்கள். பாஷை ஒன்றே தவிர, பழத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்தத் தடவை புளிப்புப் பழங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் இங்கிலீஷைச் சரிபார்த்துக்கொள்ளலாம். லெமன், லைம் என்று அதில் இரண்டு பழங்கள். லெமன் பெரியது, மஞ்சள், நீள்வட்டம், நுனியில் குமிழ் மாதிரி இருக்கும், தோல் தடிமன். லைம் சின்னது, உருண்டை, தோல் மெல்லிசு. கடைக்கு வரும்போது பச்சையாக இருக்கும், மரத்திலேயே விட்டால் அதுவும் மஞ்சளாகிவிடும். இப்போது சொல்லுங்கள், நம் எலுமிச்சை எது? நாம் லெமன் சாதம், லெமன் ஜூஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தாவர சாஸ்திரப்படி நம் எலுமிச்சை லைம் ஜாதிதான். தடித்த தோல்கார லெமன் வேறு பழம்.

இந்த முடிச்சை மனசில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷுக்கு வாருங்கள். அங்கேயும் இரண்டு சொற்கள், லிமோன், லீமா. லெமன் என்றால் லிமோன், லைம் என்றால் லீமா என்று பார்த்தவுடன் தோன்றுகிறதல்லவா? ஸ்பெயின் தேசத்தில் அது சரி. முர்சியா பக்கத்தில் ஏராளமாய் விளைகிற மஞ்சள் பழம் அங்கே லிமோன். பச்சையாய்ச் சின்னதாய் வருவது லீமா.

மெக்ஸிகோவுக்குப் போனால் கதையே மாறிப்போகும். அங்கே லிமோன் என்று கேட்டால் பச்சையாய், உருண்டையாய், நம் எலுமிச்சை மாதிரிப் பழத்தைத்தான் கொடுப்பார்கள். கொலிமா, மிச்சோவாகான் பக்கம் விளைகிற சின்னப் பழத்துக்கு லிமோன் மெக்ஸிகானோ என்று பெயர். வெராக்ரூஸ் பக்கத்தில் விளையும், விதையில்லாத கொஞ்சம் பெரிய ஜாதிக்கு லிமோன் பெர்ஸா என்று பெயர். மஞ்சள் லெமன்தான் வேண்டும் என்றால் "லிமோன் அமரீயோ", அதாவது மஞ்சள் லிமோன் என்று நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரு தேசத்திலும் லிமோன் என்றால் சின்னப் பச்சைப் பழமே. பச்சை மீனை ஊறவைத்து அவர்கள் செய்யும் செவிச்சே என்ற பதார்த்தத்துக்கு அதுதான் உயிர்.

அப்படியானால் மெக்ஸிகோவில் லீமா என்றால் என்ன? அது மூன்றாவதாக ஒரு பழம்! வெளிர் மஞ்சளாய், நல்ல வாசனையோடு, புளிப்பே இல்லை என்று சொல்லும்படியாய் இருக்கும். உரித்து அப்படியே சாப்பிடுவார்கள். யூக்கதான் பிரதேசத்தில் மட்டும் லீமா என்பது கொஞ்சம் புளிப்பான இன்னொரு ஜாதி. அதைப் பிழிந்து கோழி சூப் வைப்பார்கள். "சோப்பா தே லீமா" என்று அங்கே பிரசித்தம்.

நாங்கள் 3 வருஷம் டெக்ஸாஸில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மெக்ஸிகோ அம்மாள். என் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாய் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்குவத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், "லைம்" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். காலேஜில் படிக்கிற அவர் மகள் அகராதியை வைத்துக்கொண்டு அதை ஸ்பானிஷில் எழுதினாள். அகராதி ஸ்பெயினில் அச்சானதாம். லைமுக்கு நேராக லீமா என்று போட்டிருந்தது. அந்தப் பெண்ணும் அப்படியே எழுதிவிட்டாள்.

அந்த அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "லீமாவை உப்பு போட்டு வைத்தால் அழுகித்தானே போகும்? இந்தியாவில் இப்படியா செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கூடையிலிருந்து ஒரு பச்சைப் பழத்தை எடுத்துக் காட்டினேன். "ஓ, லிமோன்!" என்றார். விஷயம் முடிந்தது.

அந்த அம்மாள் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை சகோதரிகளே. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு உப்பு ஒரு காவல் என்றால் புளிப்பு இன்னொரு காவல். லெமனிலும் நம் எலுமிச்சையிலும் சாற்றில் நூற்றுக்கு 5, 6 பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கும். பூஞ்சையும் கெட்ட கிருமியும் அதில் சுலபமாகத் தலையெடுக்காது. இனிப்பு லீமாவில் அந்தக் காவலே கிடையாது. அதே உப்பு, அதே காரம் போட்டாலும் சீக்கிரம் நுரை கட்டிக் கெட்டுப்போகும். பெயரை மட்டும் பார்த்துப் பழம் வாங்கினால் ஒரு ஜாடி ஊறுகாய் பாழ்.

அகராதியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பானிஷில் லீமா என்றால் நகம் தேய்க்கும் அரமும்தான், பெரு தேசத்தின் தலைநகரமும்தான். இங்கிலீஷில் லைம் என்றால் சுண்ணாம்பும்தான். அதற்கு ஸ்பானிஷில் "கால்" என்று சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பது மெக்ஸிகோக்காரர்களின் பழைய வழக்கம். அவர்கள் ரொட்டிப் பக்குவத்தில் "லைம்" என்று இங்கிலீஷில் இருந்தால் பழத்தைப் பிழிந்துவிடாதீர்கள். அங்கே வேண்டியது சமையல் சுண்ணாம்பு.

பெயர் மாறினால் குடியா முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். ஒரு பழைய சரித்திரம் சொல்கிறேன். கப்பலில் மாதக்கணக்கில் போகும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடி, உயிரையே வாங்கும் ஸ்கர்வி என்ற வியாதி வந்துகொண்டிருந்தது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஆங்கிலக் கப்பற்படை டாக்டர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற ஜோடிதான் சில நாளிலேயே தேறி எழுந்தது. 1795-லிருந்து ஆங்கிலக் கப்பற்படையில் லெமன் சாறு கொடுக்க உத்தரவு வந்தது. ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிந்தே போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், லெமனுக்குப் பதிலாகத் தங்கள் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். அந்தக் காலத்தில் லெமன் சாற்றையும் லைம் சாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் பழம் மாறியது யார் கவனத்திலும் படவில்லை. 1875-ல் வடதுருவத்தைத் தேடிப் புறப்பட்ட ஆங்கிலக் கப்பல்களில் லைம் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்து மாலுமிகள் படுத்துவிட்டார்கள். சாற்றுக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது என்றுகூடப் பெரிய பெரிய டாக்டர்கள் பேச ஆரம்பித்தார்கள். லண்டனில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம் முதலிய பெண் விஞ்ஞானிகள் 1918-ல் இரண்டையும் சோதித்து, லைம் சாற்றின் சக்தி லெமன் சாற்றில் கால் பங்குதான் என்று காட்டினார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் பொருள் மாறியது தெரியாமல் இத்தனை வருஷம் ஓடியது. முடிச்சை அவிழ்த்தவர்கள் பெண்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதற்காக நம் எலுமிச்சையைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். பழம் 100 கிராமுக்கு லெமனில் சுமார் 53 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால் லைமில் சுமார் 29 இருக்கிறது. புதிதாகப் பிழிந்து உடனே குடித்தால் நல்லதுதான். கப்பலில் கொண்டுபோன சாறோ நாள்பட்டது, பதப்படுத்தும்போதே பாதி சத்தை இழந்தது. நாமும் சாற்றைப் பிழிந்து நாள் கணக்கில் வைத்துக்கொள்ளாமல், கொதிக்கிற ரசத்தில் ஊற்றாமல், இறக்கின பிறகு பிழிவது உத்தமம்.

அடுத்தது கிரேப்ஃப்ரூட். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கிரேப் என்றால் திராட்சை. ஆனால் இதற்கும் திராட்சைக்கும் உறவில்லை, மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸ் தீவில் பதினெட்டாம் நூற்றாண்டில் தானாக உண்டான பழம். ஆரஞ்சைவிடப் பெரியது, சுளை வெளுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும், லேசான கசப்பு. மெக்ஸிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ பக்கம் இதைத் தொரோன்ஹா என்பார்கள். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் பொமேலோ என்பார்கள். வம்பு எங்கே என்றால், இங்கிலீஷில் பொமேலோ என்பது நம் பம்பளிமாஸ்! அதே சொல், வேறே பழம். பம்பளிமாஸை ஸ்பானிஷில் சொல்ல வேண்டுமானால் பம்பெல்மூசா என்பது பொருத்தம். காதுக்கும் நம் சொல் மாதிரியே இருக்கிறது பாருங்கள். டச்சுக்காரர்கள் பொம்பெல்மூஸ் என்பார்கள். எல்லாம் ஒரே குடும்பம்.

என் அக்கா மகள் கல்யாணமாகி ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய மாமியார் 6 மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று போயிருந்தார். அவருக்குக் கொழுப்புச் சத்துக்காக தினமும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை. கொண்டுபோனது தீர்ந்து அங்கேயே வாங்கினார்கள். பெண் கெட்டிக்காரி, பெட்டிக்குள் இருந்த ஸ்பானிஷ் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாய்ப் படித்திருக்கிறாள். பொமேலோ சாறு குடிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவளாயிற்றே, பொமேலோ என்றால் பம்பளிமாஸ் என்று எடுத்துக்கொண்டாள்.

"பம்பளிமாஸ் இங்கே நாங்க வாங்கறதே இல்லை சித்தி, அதனாலே கவலையில்லை" என்று போனில் சொன்னாள்.

"சரிடி, உன் மாமியார் காலையிலே என்ன குடிக்கிறார்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு சர்க்கரை அதிகமில்லாத ஜூஸ் வேணும்னு கிரேப்ஃப்ரூட் பிழிஞ்சு தர்றேன். தினமும் ஒரு டம்ளர்."

"கடையிலே அந்தப் பழத்து மேலே என்ன பேர் எழுதியிருக்கு, பார்த்துட்டு வந்து சொல்லேன்."

பார்த்தவுடன் தெரிகிற பழத்துக்குப் பெயர்ச் சீட்டை யார் படிக்கிறார்கள்? மறுநாள் போன் வந்தது. "சித்தி, பொமேலோன்னுதான் போட்டிருக்கு!"

அன்றைக்கே நிறுத்தினாள், டாக்டரிடமும் சொன்னாள். அந்த அம்மாள் கொஞ்ச நாளாகக் கெண்டைக்கால் சதை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பழம்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது, வயசானவர்களுக்குக் கால் வலிக்க ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பயமில்லை என்று பார்த்துவிட்டு, இனிமேல் அந்தச் சாறு வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பழச்சாறு எப்படி மருந்தோடு மோதும் என்று கேட்பீர்கள். நாம் விழுங்கும் சில மாத்திரைகளை உடலில் சேரும் முன்பே குடலில் இருக்கும் ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். டாக்டர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவைச் சொல்கிறார்கள். கிரேப்ஃப்ரூட் சாறு அந்தச் சிதைக்கிற வேலையைத் தடுத்துவிடுகிறது. ஆகவே விழுங்குவது ஒரு மாத்திரை என்றாலும் ரத்தத்தில் பல மாத்திரை விழுங்கிய மாதிரி ஏறிவிடலாம். கனடாவில் டேவிட் பெய்லி என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு பரிசோதனையில் சாராய வாடை தெரியாமல் இருக்க இந்தச் சாற்றைக் கலக்கப் போய், 1989-ல் தற்செயலாக இது வெளிப்பட்டது.

கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்தக் கொதிப்புக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின் போன்ற சில மாத்திரைகளுக்கு இந்த எச்சரிக்கை உண்டு. எல்லா மாத்திரைக்கும் இல்லை. காலையில் சாறு, ராத்திரி மாத்திரை என்று தள்ளி வைத்தாலும் பிரயோஜனமில்லை, சாற்றின் வேலை ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். பம்பளிமாஸுக்கும், மார்மலேட் செய்கிற கசப்பு ஆரஞ்சுக்கும் இதே குணம் இருக்கிறது. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தத் தடை கிடையாது. வீட்டில் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆரஞ்சுக்கு வருவோம். ஸ்பானிஷில் நரான்ஹா. அரபிக்காரர்கள் நாரஞ்ச் என்றார்கள், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம். இதற்கெல்லாம் மூலம் நம் தென்னாட்டுப் பாஷைகளில்தான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் நாரத்தங்காயையும், மலையாளத்தார் எலுமிச்சைக்குச் சொல்லும் நாரங்காவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். நம் வீட்டுச் சொல் கப்பலேறிப் போய் ஸ்பெயினில் குடியேறியிருக்கிறது. வழியில் புளிப்பு மட்டும் இனிப்பாகிவிட்டது.

இதிலும் கண்ணிகள் உண்டு. வாலென்சியாவில் ஸ்பானிஷோடு வாலென்சிய பாஷையும் பேசுவார்கள். அதில் ஆரஞ்சுக்குத் தரோஞ்சா என்று பெயர். மெக்ஸிகோவின் தொரோன்ஹாவோ கிரேப்ஃப்ரூட். எழுத்தில் பார்த்தால் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்! போர்ட்டோ ரிக்கோவில் இனிப்பு ஆரஞ்சுக்குப் பெயர் "சீனா". சீன தேசத்திலிருந்து வந்த பழம் என்ற பழைய நினைவு. அங்கே நரான்ஹா என்றால் புளிப்பு ஜாதி. சர்பத்துக்கு ஆரஞ்சு வாங்க நினைப்பவர்கள் ஜாக்கிரதை.

கமலா ஆரஞ்சு மாதிரி தோல் சுலபமாக உரிகிற பழங்களுக்கு அவ்வளவு சிக்கலில்லை. இங்கிலீஷில் மாண்டரின், டேன்ஜரின் என்று பிரித்தாலும் ஸ்பானிஷில் பெரும்பாலும் மந்தரீனா என்றாலே போதும். தடித்த தோலுள்ள சிட்ரன் என்ற பழம் ஸ்பானிஷில் சித்ரா. ஆனால் ஸ்பெயினில் ஒரு பூசணி வகைக்கும் அதே பெயர், அதைச் சர்க்கரையில் கிளறி மிட்டாய்க்கடையில் வைப்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அதே ஓசையில் ஆப்பிள் மதுவுக்கும் ஒரு சொல் இருக்கிறது. குழந்தைக்குக் கேட்டு வாங்கும்போது கவனம்.

கத்தரித்து வைத்துக்கொள்ளச் சௌகரியமாக ஒரு சின்னப் பட்டியல்:

நம் எலுமிச்சை: மெக்ஸிகோ, பெருவில் லிமோன். ஸ்பெயினில் லீமா.
மஞ்சள் லெமன்: ஸ்பெயின், அர்ஜென்டினாவில் லிமோன். மெக்ஸிகோவில் லிமோன் அமரீயோ.
கிரேப்ஃப்ரூட்: மெக்ஸிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோவில் தொரோன்ஹா. ஸ்பெயின், அர்ஜென்டினாவில் பொமேலோ.
பம்பளிமாஸ்: பம்பெல்மூசா.
இனிப்பு ஆரஞ்சு: நரான்ஹா. போர்ட்டோ ரிக்கோவில் சீனா.
கசப்பு ஆரஞ்சு: ஸ்பெயினில் நரான்ஹா அமார்கா. மெக்ஸிகோவில் நரான்ஹா ஆக்ரியா.
கமலா ஆரஞ்சு: மந்தரீனா.

பக்குவம் எழுதி அனுப்பும்போது பெயரோடு நிறுத்தாதீர்கள். "பச்சையாய், சின்னதாய், தோல் மெல்லிசாய், நன்றாகப் புளிக்கிற பழம்" என்று நிறம், அளவு, தோல், ருசி நாலையும் எழுதுங்கள். எந்த ஊர் ஸ்பானிஷ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்கு வாங்கினால் முதலில் ஒரு பழத்தை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்துத் தாளாக இருந்தால் பழத்தையே கையில் கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டி, "இதுவா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்தாவது வரை படித்த எனக்கு இதெல்லாம் புஸ்தகத்தில் வந்ததைவிட அடுப்படியில் வந்ததுதான் அதிகம். உங்கள் வீட்டுப் பெண்கள் இருக்கும் ஊரில் இந்தப் பழங்களுக்கு வேறு பெயர் வழங்கினால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் கீரைகளைப் பார்ப்போம். அதில் சண்டை இதைவிடப் பெரிது!